எதிர்க்கடைக்கும் அவளேதான்

மும்பை தாராவி மெயின் ரோட்டில் கணேசபாண்டியனின் தோல் பை கடையும் அப்துல் ஹாதியின் தோல் பை கடையும் எதிரெதிரே இருந்தன. வண்டி நிறுத்தும் இடத்துக்காக ஆரம்பித்த சண்டையில் இருவருக்கும் பேச்சு நின்று பல வருடமாகிவிட்டது. ஆனால் இரண்டு கடையின் இன்ஸ்டாகிராம் கணக்கையும் பார்த்துக்கொண்டவள் ஷாலினி ஒருத்திதான். அது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

ஒரே பிரவுசருக்குள் ஆளுக்கொரு புரொஃபைல் வைத்திருந்தாள். பாண்டியனுக்குச் சிவப்பு, ஹாதிக்குப் பச்சை, செம்பூர் பியூட்டி பார்லருக்கு நீலம். ஒன்றிலிருந்து வெளியேறி இன்னொன்றுக்குள் நுழையும் தொல்லையே கிடையாது. பக்கத்து ஜன்னலைத் தட்டினால் போதும், அவள் வேறு ஆள்.

"ஏளா ஷாலினி, எதுத்தாப்புல என்ன போட்டிருக்கான் பாத்தியா? மழையில நனைஞ்சாலும் சாயம் போகாதாம். நம்மளத்தான் குத்துதான். நறுக்குன்னு ஒண்ணு போடு" என்பார் பாண்டியன்.

ஷாலினி இந்தியில் நறுக்கென்று போடுவாள். சற்று நேரத்தில் ஹாதி கூப்பிடுவார். "என்னம்மா இது, இப்படி எழுதியிருக்கான்? உடனே ஜவாப் குடுக்கணும்."

அதையும் கொடுப்பாள். காலையில் தான் எழுதியதைப் படித்து மாலையில் அவளுக்கே உண்மையில் கோபம் வரும்.

ஒருநாள் பாண்டியன் குரலைத் தாழ்த்தினார். "அங்க எழுதுதவன் கெட்டிக்காரன். யாருன்னு விசாரி, நம்ம பக்கம் இழுத்துருவோம்."

"அப்போ நான், அண்ணாச்சி?"

"நீயும் இரு. அவன்கிட்ட கத்துக்கோ."

அந்த வருத்தத்திலோ என்னவோ, அன்று கை தவறியது. ஹாதியின் பக்கத்தில் முலுண்ட்காரர் ஒருவர் லேப்டாப் பையின் ஜிப் தாங்குமா என்று கேட்டிருந்தார். 'தைரியமாக வாங்குங்கள், ஜிப் போனால் நாங்கள் மாற்றித் தருவோம்' என்று ஷாலினி பதில் போட்டாள், சிவப்பு ஜன்னலிலிருந்து. எதிரியின் பைக்குப் பாண்டியன் உத்தரவாதம் கொடுத்துவிட்டார்.

அவள் கவனிப்பதற்குள் அதை நூற்றுக்கணக்கானோர் பகிர்ந்திருந்தார்கள். வியாபாரி என்றால் இவரல்லவா என்று புகழ்ச்சி வேறு. ஹாதி ரோட்டைக் கடந்து வந்து பாண்டியனைக் கட்டிக்கொண்டார்.

"உங்க மனசு யாருக்கு வரும் அண்ணாச்சி!"

பாண்டியனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கடை நிறைய வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அதுல என்ன இருக்கு பாய்" என்று ஆளுக்கு அரை கிளாஸ் கட்டிங் சாய் சொன்னார். கையோடு ஷாலினியையும் வரச்சொன்னார்.

அவள் வந்து நின்றாள்.

"ஏளா, இனிமே சண்டை இல்ல. நீயும் பாயோட ஆளும் சேந்து வேல பாருங்க."

ஹாதி நிமிர்ந்து பார்த்தார். "என் ஆளா? என் ஆளே இந்தப் பிள்ளதானே!"

சாய் ஆறியது. இத்தனை வருடம் கழித்து இருவரும் முதன்முதலாக ஒத்துப்போனது, ஷாலினியை நிறுத்திவிடுவது என்பதில்தான்.

அதன்பின் இரண்டு பக்கங்களிலும் பூப்படத்தோடு காலை வணக்கம் மட்டும் வந்தது. சண்டையை ரசித்துக்கொண்டே பை வாங்கியவர்கள் நழுவத் தொடங்கினார்கள். பாண்டியன் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு மத்தியானம் போன் செய்தார்.

"ஏளா, பாய்க்குத் தெரியாம நம்ம கணக்க மட்டும் பாத்துக்கிடுதியா? முன்ன மாதிரி கொஞ்சம் காரமா."

"சரி அண்ணாச்சி" என்றாள் ஷாலினி.

ஹாதி காலையிலேயே பேசிவிட்டிருந்தார்.