பள்ளிக்கூடம் திறக்கட்டும்

தெருவே அவளை டெய்லரக்கா என்றுதான் கூப்பிடும். பள்ளிக்கூடம் திறக்கும் சமயம் வந்தால் கடையில் சீருடைத் துணி மலைபோல் குவிந்துவிடும். அப்போது அவளுக்குக் கைகொடுப்பவர், லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற அவள் கணவர்தான். பொத்தான் தைப்பார், இஸ்திரி போடுவார், வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். "இத்தனை வருஷம் ஜனங்களை மேல ஏத்தி இறக்கினேன். இப்ப உன் ஜிப்பை ஏத்தி இறக்கிக்கிட்டிருக்கேன்" என்று சலித்துக்கொள்வதுபோல் சிரிப்பார்.

அந்த வருடம், சிறுநீர் சரியாகப் போகவில்லை என்று ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் வேறொரு வில்லங்கம் தெரியவந்தது.

"வயித்துக்குள்ள போற பெரிய ரத்தக்குழாய் ஒரு இடத்துல பலூன் மாதிரி வீங்கியிருக்கு" என்றார் டாக்டர்.

"எனக்கு ஒரு வலியும் இல்லையே!"

"அதுதான் இதோட குணம். பெரும்பாலும் வெடிக்கிற வரைக்கும் வாயே திறக்காது. சின்ன வீக்கமா இருந்தா அப்பப்ப ஸ்கேன் எடுத்துக் கவனிச்சாலே போதும். உங்களுக்கு ஆறு சென்டிமீட்டர் ஆயிடுச்சு. இனி ஆபரேஷனை விட சும்மா இருக்கிறதுலதான் ஆபத்து. நல்லவேளை, வயித்தைக் கிழிக்க வேண்டாம். தொடை வழியா உறை மாதிரி ஒரு குழாயை உள்ள வெச்சிடலாம். அடுத்த வாரமே வந்துடுங்க. சிகரெட்டை இன்னைக்கே விட்டுடுங்க."

டெய்லரக்காவின் கண்முன் வெட்டாத துணிகள்தான் வந்து நின்றன. "பள்ளிக்கூடம் திறக்கட்டும் டாக்டர், அப்புறம் வெச்சுக்கலாமா?" என்று கேட்டுவிட்டாள்.

"என்னைக் கேட்டா வேண்டாம்னுதான் சொல்வேன். முடிவு அவரோடது."

கணவர் அவள் முகத்தைப் பார்த்தார். "அவ சொல்றபடியே செய்யலாம்" என்றார். திடீரென முதுகிலோ வயிற்றிலோ பொறுக்க முடியாத வலி வந்தால், தலை சுற்றினால், ஒரு நொடிகூட வீட்டில் இருக்கக் கூடாது என்று டாக்டர் எச்சரித்து அனுப்பினார்.

ஒரு மத்தியானம் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே துணிக் கட்டின்மேல் சாய்ந்தார். முகமெல்லாம் வேர்வை.

"வாயுப் பிடிப்புதான். கொஞ்சம் வெந்நீர் குடு."

அவள் வெந்நீர் வைக்கப் போகாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். "வயித்து ரத்தக்குழாய்ல வீக்கம் இருக்கு, அது வெடிச்சிருக்கும்" என்று வந்தவர்களிடம் கத்திச் சொன்னாள். அதனால்தான் அவரை எங்கும் காக்கவைக்காமல் நேரே ஆபரேஷனுக்குக் கொண்டுபோக முடிந்ததாம். இப்படி வெடித்தவர்களில் பலர் ஆஸ்பத்திரி வாசலைக்கூட மிதிப்பதில்லை என்றார் டாக்டர். அவசரத்தில் வயிற்றை நெஞ்சுக்குழியிலிருந்து கீழே வரை திறக்க வேண்டியதாயிற்று. பிழைத்தார். ஆனால் சிறுநீரகம் படுத்துவிட, சில வாரம் இயந்திரம்தான் அவர் ரத்தத்தைச் சுத்திகரித்தது.

வெளியூரிலிருந்து ஓடிவந்த மகள், அவர் பேசத் தொடங்கியதும் கேட்டாள். "தேதி குடுத்தும் ஏம்ப்பா போகல?"

"நான்தான் பயந்துகிட்டுத் தள்ளிப்போட்டேன்" என்றார் அவர்.

மகள் அவரைப் பிடிபிடியென்று பிடித்தாள். ஒரு வார்த்தையும் சொல்லாமல் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்த டெய்லரக்காவுக்கு ஒவ்வொரு வசவும் சுருக்கென்று தைத்தது. வராந்தாவில் மகளின் கையைப் பிடித்தாள். "அவரைத் திட்டாதே. தள்ளிப்போடச் சொன்னது நான். சீருடை முடியணும்னு சொன்னேன்."

மகள் கையை விடுவித்துக்கொண்டாள். "அவர் உன்னைக் காப்பாத்துறாரு, நீயும் பேசாம நின்னியே" என்றவள், அதற்குப் பிறகு பல நாள் அம்மாவிடம் மருந்து, மாத்திரை தவிர வேறெதுவும் பேசவில்லை.

கணவரிடமும் கேட்டுப் பார்த்தாள். "ஏங்க பழியை உங்க தலையில போட்டுக்கிட்டீங்க?"

"நெசமாவேதான் சொன்னேன். நீ தள்ளிப்போடச் சொன்னதும் அப்பாடான்னு இருந்துச்சு. நானும் பயந்தாங்கொள்ளிதான்."

அது உண்மையா, தன்னைத் தேற்றச் சொன்னதா என்று அவளால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

இது குடும்பத்தில் வரக்கூடியது, கூடப்பிறந்தவர்களும் ஸ்கேன் எடுக்கணும் என்றார் டாக்டர். லாரி ஓட்டும் கொழுந்தன் மழுப்பினார். "எனக்கென்ன அண்ணி, கல்லு மாதிரி இருக்கேன். இந்த லோடை இறக்கிட்டுப் பார்ப்போம்."

"லோடு கிடக்கட்டும் தம்பி. உங்க அண்ணனும் கல்லு மாதிரிதான் இருந்தாரு. ஆட்டோவுல ஏறுங்க."

அவள் குரலில் என்ன இருந்ததோ, மனிதர் மறுபேச்சுப் பேசாமல் ஏறினார். அவருக்கும் வீக்கம் இருந்தது, ஆனால் சின்னது. ஆபரேஷன் தேவையில்லை, வருடா வருடம் பார்த்தால் போதும், சிகரெட்டை மட்டும் விடவேண்டும் என்றார்கள். "அண்ணி, நீங்கதான் என்னைக் காப்பாத்தினீங்க" என்று அவர் கும்பிட்டபோது, அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கணவர் பாதி உடம்பாக வீடு திரும்பினார். மாடிப்படியில் நின்று நின்று மூச்சு வாங்கினார். அவள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, அவர் வேகத்திலேயே ஏறினாள்.