நம்பர் தகரம்

1960 ஏப்ரல் முதல் தேதி சத்தியவேடு சென்னை மாநிலத்திலிருந்து ஆந்திரத்துக்குப் போனது. மே மாதம் கால்வாயில் விறகு ஏற்றும் சத்தியவேட்டுக் கோவர்த்தனனின் படகுக்குத் தெலுங்கு எழுத்தில் புது நம்பர் தகரம் வந்தது. அதைப் படகின் முகப்பில் அடிக்காமல் எஞ்சின் பக்கத்தில் போட்டு, அதன்மேல் ஸ்பேனர்களைப் பரப்பி வைத்துக்கொண்டான்.

"நாளைக்கே மறுபடியும் மெட்ராசுன்னு சொல்லிட்டா, ஆணி அடிச்ச ஓட்டைய எவன் வந்து அடைப்பான்?"

"தகரம் இல்லன்னா கால்வாய் லாக்குல மதகுக் கதவு தொறக்கமாட்டான். வெறகோட அங்கியே குந்திக்கினு இரு," என்றாள் தாட்சாயணி. அவன் மனைவி, சுக்கான் பிடிப்பவள் அவள்தான்.

எஞ்சின் சண்டைக் காலத்து டீசல் எஞ்சின், ஏலத்தில் எடுத்தது. காற்றிழுக்கும் குழாயின் வடிகட்டி எப்போதோ கழன்றுபோய், வாய் திறந்தே கிடந்தது. அந்த எஞ்சின் வரும்வரை இருவரும் அடுத்தவர் சவுக்குத் தோப்பில் கூலிக்கு வெட்டியவர்கள். எஞ்சின் போனால் மறுபடி கத்தியைத் தூக்க வேண்டியதுதான் என்பதை இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை.

ஒருநாள் காலை தடாவில் சவுக்குக் கட்டை ஏற்றினார்கள். காவலியிலிருந்து புதிதாக வேலைக்கு வந்திருந்த ரங்கையாவுக்குத் தெலுங்குதான், தமிழ் தெரியாது. கரையிலிருந்தபடியே கோவர்த்தனன், "டேய், ஆயில் போய் பாருடா," என்று கத்தினான். ரங்கையா தலையாட்டிவிட்டு உள்ளே போனான்.

லாக்கை நெருங்கும்போது கயிறு வீசுவதற்காகக் கோவர்த்தனன் முன்பக்கம் விறகின்மேல் ஏறி நின்றான். எஞ்சின் சத்தம் திடீரென்று மாறியது. யாரும் எதையும் தொடவில்லை. வேகம் தானாக ஏறியது. புகைக்குழாய் வெள்ளையாகக் கக்கியது. ரங்கையா டீசல் குழாயைத் திருகி அடைத்தான். எஞ்சின் அதைச் சட்டை பண்ணவில்லை, இன்னும் வெறிகொண்டு ஓடியது. டீசலை நிறுத்தியும் ஓடுகிறதென்றால் தன் ஆயிலையே குடித்து ஓடுகிறது என்று தாட்சாயணிக்குப் புரிந்தது. காற்றை நிறுத்தினால்தான் நிற்கும். எதிரே லாக் கதவு மூடியிருந்தது. அதற்கு முன்னால் இரண்டு உப்புப் படகுகள், ஆட்களோடு. சுக்கானை விட்டால் நேரே அவற்றின்மேல்தான்.

"மூடு! மூடுடா!" விறகின்மேலிருந்து கோவர்த்தனன் அலறினான்.

ரங்கையா திகைத்துப்போய்ச் சுற்றிப் பார்த்தான். "மூடா? இக்கட ஒகடே குளாயி உந்தன்னா!"

தெலுங்கில் மூடு என்றால் மூன்று. அங்கே இருந்தது ஒரே குழாய்; அவன் மூன்று குழாயைத் தேடிக்கொண்டிருந்தான்.

"மூய்ரா! காலி பொக்க மூய்!" காற்று ஓட்டையை மூடச் சொல்லித் தெலுங்கில் கத்தினாள் தாட்சாயணி. அவன் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு குழாய் வாய்க்குப் போனான். "செய்யி பெட்டொத்து! ஆ ரேக்கு! ரேக்கு தீஸ்கோ!" கையை வைக்காதே, அந்தத் தகரத்தை எடு என்று அலறினாள்.

ரங்கையா தகரத்தை உருவினான். ஸ்பேனர்கள் தண்ணீரில் விழுந்தன. குழாய் வாயில் வைத்ததும் தகரம் அவன் கையிலிருந்து பறிக்கப்பட்டதுபோல் ஒட்டிக்கொண்டது. எஞ்சின் இரண்டு முறை குலுங்கி நின்றது. தாட்சாயணி சுக்கானை முழு பலத்தோடு தள்ளினாள். படகு உப்புப் படகை உரசிக்கொண்டு கரைச் சேற்றில் போய்க் குத்தியது.

"இன்னாம்மா, நீஞ்சத் தெரியுமான்னு கேட்டுட்டு வரக்கூடாதா?" என்றான் உப்புப் படகுக்காரன்.

கோவர்த்தனன் ஆயில் கம்பியை இழுத்துப் பார்த்தான். கோட்டுக்கு மேலே ஒரு விரல் நீளத்துக்கு ஆயில்.

"எவன்டா ஊத்தினது?"

"மீரே கதா செப்பிந்தி? ஆயில் போய் அனி," என்று ரங்கையா அவனையே கைகாட்டினான்.

கோவர்த்தனன் மனைவியைப் பார்த்தான்.

"'போய்'னா அவன் பாஷையில 'ஊத்து'. நீ சொன்னத்தத்தான் செஞ்சிக்கிறான்," என்றாள். சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

மிகுந்த ஆயிலை வடித்தபின் எஞ்சின் ஓடியது. நம்பரின் நடுவே தகரம் வட்டமாகக் குழிந்திருந்தது. கோவர்த்தனன் அதைப் பழைய இடத்தில் போட்டு, மிஞ்சிய ஒரே ஸ்பேனரை அதன்மேல் வைத்தான். அது உருண்டு குழிக்குள் விழுந்தது. எடுத்து ஓரத்தில் வைத்தான். மறுபடியும் உருண்டது.

ஆணி கேட்டான். ரங்கையா நான்கு ஆணி கொடுத்தான். தகரத்தைப் படகின் முகப்பில் அடித்தான். லாக்குக்காரர் தகரத்தின் குழிக்குள் எட்டிப் பார்த்து நம்பரை எழுதிக்கொண்டு கதவைத் திறந்தார்.