வண்டி குனிந்த நாள்

முன்பக்க ஸ்பிரிங் பட்டையைப் பிடித்திருந்த யூ போல்ட்டின் கடைசி நட்டு அசைய மறுத்தது. அம்புரோஸ் காருக்கடியில் மல்லாந்து கிடந்து ஸ்பானரைத் தட்டிக்கொண்டிருந்தபோது, ஷெட்டு வாசலில் மகள் ரோஸ்மேரியின் பாதங்கள் வந்து நின்றன.

“அப்பா, அம்மா கேக்குது. முன்பக்கம் எறக்கியாச்சான்னு.”

“எறக்கிட்டே இருக்கறன்னு சொல்லு.”

“அதையேதான் ஒரு வாரமாச் சொல்றீங்களாமா.”

பாதங்கள் திரும்பிப் போயின. ஷெட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ஜெஸிந்தா வயிற்றில் கட்டியோடு படுத்த படுக்கையாகக் கிடந்தாள். குன்னூர் டாக்டர் கையை விரித்துவிட்டார். வீட்டில் வைத்துக் கஞ்சி கொடுங்கள் என்று அனுப்பியும் விட்டார். மூச்சுக்கு மூச்சு முனகல்தான். ஆனால் முனகலுக்கு நடுவிலும் புருஷனை அதட்டுகிற உரிமையை மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

எஸ்டேட் பெரிய துரைக்குப் புது கார் வந்ததும், அவருடைய பழைய ஆஸ்டின் காரின் பின்பக்கத்தை அறுத்தெறிந்து பலகை அடித்திருந்தார்கள். தேயிலைப் பெட்டி ஏற்றுவதால் அதற்குப் பெட்டி வண்டி என்று பெயர் வந்தது. எஸ்டேட்டில் யாராவது கண்ணை மூடினால், அந்தப் பெட்டியையும் அதுதான் மேலே கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டு போகும். போன ஆடி மழையில் பாய்லர்கார சவரிமுத்துவை அப்படிக் கொண்டு போனார்கள். மாதா கோயிலுக்குக் கீழே செங்குத்தான ஏற்றத்தில் வண்டி மூக்கை வானத்துக்குத் தூக்கியது. கயிறு அறுந்தது. பெட்டி சறுக்கிப் பாதி வெளியே வந்துவிட்டது. பின்னால் வந்தவர்கள் தோள் கொடுத்திருக்காவிட்டால் மனுஷன் ரோட்டில் உருண்டிருப்பார். ‘சவரிமுத்து பாதி வழியில டூட்டிக்குத் திரும்பப் பாத்தாரு’ என்று ஃபேக்டரியில் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். அன்று வண்டியை ஓட்டிய அம்புரோஸுக்கு ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை.

பின்னால் நடந்து வந்து அதைப் பார்த்த ஜெஸிந்தாவுக்கும் வரவில்லை. தனக்கு நாள் நெருங்கிவிட்டது என்று தெரிந்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. “என்னைய அப்படிச் சந்தி சிரிக்கக் கொண்டு போயிராதீங்க. வண்டிக்கு முன்பக்கத்த எறக்கி வையுங்க.”

துரையிடம் கேட்கவேண்டும் என்றார் அம்புரோஸ். கிளார்க் போய்க் கேட்டு அனுமதி வாங்கி வந்துவிட்டார். மழை என்றார். மழை விட்டது. ஜாக்கி ரிப்பேர் என்றார். அதற்குமேல் சாக்கு அகப்படவில்லை. விஷயம் வேறொன்றுமில்லை. ஸ்பிரிங் பட்டையைக் கழற்றுவது, ‘சரி, நீ போய்ட்டு வா’ என்று தன் வாயால் சொல்வதாகத்தான் அவருக்குப் பட்டது. கட்டின மனைவிக்கு அப்படிச் சொல்ல யாருக்குத்தான் மனசு வரும்?

இன்று காலையில் மாதா கோயில் சாமியார் வந்து, கடைசி எண்ணெய் பூசி அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார். ஜெஸிந்தா சிலுவையைப் பார்க்காமல் அம்புரோஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாமியார் வெளியே வந்து குடையை விரித்தபடி, “எதையோ மனசுல வெச்சுட்டு இழுத்துட்டுக் கெடக்குது, அம்புரோஸ். என்னன்னு கேட்டுச் செய்” என்றார். கேட்க என்ன இருக்கிறது? அம்புரோஸ் நேராக ஷெட்டுக்குப் போனார்.

நட்டு ஒருவழியாகக் கழன்றது. ஃபேக்டரி ஃபிட்டர் மருதாசலம் ஸ்பிரிங் பட்டைக் கட்டு முழுவதையும் வெளியே இழுத்துப் போட்டான்.

“ஏனுங்ண்ணா, பலகைக்கடியில பின்னால ரெண்டு கட்டை குடுத்து, கயித்தப் புதுசா மாத்தினாப் போதாதுங்களா? பட்டையக் கழட்டி எவ்வளவு எறங்கிறப் போகுது?”

“கட்டையும் வெக்கறேன், கயிறும் மாத்தறேன். அவளுக்கு அது பத்தல. வண்டியே குனியோணுமாம்.”

“அக்கா சொன்னாச் சொன்னதுதானுங்க” என்று மருதாசலம் ஸ்பானரை எடுத்தான்.

இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு பட்டையை உருவிவிட்டு மீதியை இறுக்கிப் பூட்டினார்கள். ஜாக்கியை இறக்கியதும் ஆஸ்டின் மெல்ல முனகிக்கொண்டு முன்னால் தணிந்தது. நாலு விரற்கடை இருக்கும். தொட்டியில் தண்ணீர் குடிக்கிற மாடு மாதிரி நின்றது.

சொன்னால் போதவில்லை, கண்ணால் பார்க்கவேண்டும் என்றாள் ஜெஸிந்தா. மருதாசலமும் ரோஸ்மேரியும் கட்டிலை வாசலுக்கு நகர்த்தினார்கள். அம்புரோஸ் வண்டியை ஷெட்டிலிருந்து எடுத்து அவளுக்கு எதிரே கொண்டு வந்து நிறுத்தினார். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

“இன்னும் கொஞ்சம் குனியாதுங்களா?”

“இன்னொரு பட்டையக் கழட்டினாச் சக்கரம் மேல முட்டும், அம்மிணி.”

“அப்பப் போதும்.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “எத்தன வருசம் நான் இதுக்குக் குனிஞ்சிருப்பேன். ஒருநாளைக்கு எனக்கு அது குனியட்டும்.”

இதே ஆஸ்டினில் துரை வந்தால் கொழுந்து பறிக்கிற பெண்கள் ரோட்டை விட்டுக் கால்வாயில் இறங்கவேண்டும். மழையானாலும் தலைக் கம்பளியை இறக்கி, கார் கடந்து போகும்வரை குனிந்து நிற்கவேண்டும். எஸ்டேட் சட்டம் அது. வரிசையில் ஜெஸிந்தாவும் நிற்பாள். அவள் மேல் சேறு தெறிக்க அந்தக் காரை ஓட்டிக்கொண்டு போகிறவர் அவள் புருஷன். ஒருநாளும் அவர் அவள் பக்கம் திரும்பியதில்லை. வீட்டுக்கு வந்தால் அவள் சோறு போடுவாள், இவர் சாப்பிடுவார். அவள் கேட்டதில்லை, இவர் சொன்னதும் இல்லை.

“நீங்க நேராப் பாத்துட்டே போயிருவீங்க.”

“பின்னால தொரை உக்காந்திருப்பாரே, ஜெஸி.”

“அது எனக்குத் தெரியாதுங்களா?” அவள் உதடு ஓரத்தில் பழைய கிண்டல் தெரிந்தது. “நாளைக்கும் நேராப் பாத்தே ஓட்டுங்க. மேல வளைவு மோசம்.”

அதற்குப் பிறகு ரோஸ்மேரி கொடுத்த காப்பியில் ஒரு வாய் குடித்தாள். மத்தியானம் வெயில் கட்டிலின் கால்மாட்டுக்கு வந்தபோது வீட்டில் ஏதோ குறைந்தது. என்னவென்று அம்புரோஸுக்கு உடனே பிடிபடவில்லை. பிறகுதான் தெரிந்தது, முனகல் நின்றிருந்தது.

முதலில் அழுகை வரவில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது. அதை நினைத்து அவர் வெட்கப்படவும் இல்லை. ஐப்பசியிலிருந்து அவள் பட்ட பாட்டுக்கு அருகிலிருந்து பார்த்தவர்களே சாட்சி. “வலி போயிருச்சுங்கப்பா” என்றாள் ரோஸ்மேரி, தாயின் நெற்றியைத் தடவிக்கொண்டு. அதன்பிறகுதான் இரண்டு பேரும் அழுதார்கள்.

மறுநாள் தூறல். பலகைக்கடியில் கட்டை கொடுத்து, புதுக் கயிற்றால் பெட்டியைக் கட்டி, பெட்டியின் கால்மாட்டில் பலகைமேல் ஆணியால் ஒரு கோடு கீறிவைத்தார் அம்புரோஸ். ரோஸ்மேரி பக்கத்தில் ஏறிக்கொண்டாள். ரோடு நெடுகக் கொழுந்துப் பெண்கள் வண்டியைக் கண்டதும் கால்வாயில் இறங்கினார்கள். தலைக் கம்பளியை இறக்கிக் குனிந்தார்கள். வண்டிக்கான பழக்கமா, ஜெஸிந்தாவுக்கான மரியாதையா என்று அவர்களைக் கேட்டால் அவர்களுக்கே தெரிந்திருக்காது. அம்புரோஸ் சொன்னபடி நேராகப் பார்த்தார்.

ஏற்றம் வந்தது. பின்னால் நடந்து வந்த கூட்டம் வண்டியை நெருங்கி வந்தது. சிலர் தோளைத் தயாராக வைத்துக்கொண்டார்கள். அம்புரோஸ் முதல் கியரில் போட்டார். இஞ்சின் கத்தியது. அவர் காது மட்டும் பின்னால், மரம் மரத்தில் உராய்கிற சத்தம் வருமா என்று கேட்டுக்கொண்டிருந்தது. வளைவு, அதற்குமேல் சவரிமுத்து நழுவிய இடம், அதற்குமேல் கோயில் மதில். வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தார். பெட்டி கீறின கோட்டின் மேலேயே நின்றது.

“நகரல” என்றார். குரல் உடைந்து சிரிப்பாக வந்தது. “ஒரு நூல்கூட நகரல, மருதாசலம்!”

“அக்காளாச்சே, நகருவாங்களா?” என்றான் அவன். துக்கத்துக்கு வந்த கூட்டம் முழுக்க மூச்சு விட்டது.

குழியை மூடியாயிற்று. எஸ்டேட் தச்சன் சிலுவைக்குப் பலகை கிடைக்கவில்லை என்று கையைப் பிசைந்தான். அம்புரோஸ் வண்டிக்குப் போய் சீட்டுக்கடியிலிருந்து, உருவி வைத்திருந்த இரண்டு பட்டைகளையும் எடுத்து வந்தார். பட்டைக்குப் பட்டை நடுவில் ஓட்டை உண்டு. ஒன்றின்மேல் ஒன்றைக் குறுக்காக வைத்து, பழைய போல்ட்டையே கோத்து முறுக்கினார். மருதாசலம் ஒரு கல்லை எடுத்து, அந்தச் சிலுவையை முழம் ஆழத்துக்கு அடித்து இறக்கினான். சாமியார் ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு அதன்மேல் தீர்த்தம் தெளித்தார்.

திரும்பும்போது ஆஸ்டின் மூக்கைத் தரையில் வைத்து முகர்ந்துகொண்டு இறக்கத்தில் இறங்கியது. ஃபேக்டரி கேட்டில் கிளார்க் கையைக் காட்டி நிறுத்தினார்.

“காரியம் நல்லபடியா முடிஞ்சுதா, அம்புரோஸ்?”

“முடிஞ்சுதுங்க.”

“தொரை சொல்லச் சொன்னாரு. திங்கக்கெழமைக்குள்ள அந்தப் பட்டைய மாட்டி, வண்டிய பழையபடி தூக்கி வெச்சிரோணுமாம்.”

“சரிங்க.”

ரோஸ்மேரி தலையைத் திருப்பி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அம்புரோஸ் நேராகப் பார்த்தபடி வண்டியை எடுத்தார்.