இடப் பக்கச் சொடுக்கு

ஆய்வுக்கூடத்துக் கண்ணாடி அறைக்குள் அக்கா ரொட்டி மென்றுகொண்டிருந்தாள். அவளுடைய கீழ் முன்பல்லில் அரிசி அளவு காந்தம் ஒன்று ஒட்டியிருந்தது. முகத்தைச் சுற்றிய சட்டம், தாடை போகும் வழியையெல்லாம் கணினியில் கோடாக இழுத்துக்கொண்டிருந்தது. வெளியே நானும் அவள் கணவரும் நின்றோம். அவள் விட்டுவிட்டு வந்த வீட்டுச் சாவி என் கையில், மூக்குக்கண்ணாடி அவர் கையில். மறதியில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

எங்களைக் கண்டதும் மெல்வதை நிறுத்தினாள். வாய் திறந்து, மூடி, மறுபடி திறந்தது. கண்ணாடி தடிமன் என்பதால் சத்தம் வரவில்லை. இருவரும் ஒன்றாக "என்ன?" என்று தலையை ஆட்டினோம். அவள் சிரித்தாள், கையிலிருந்த ரொட்டியைக் காட்டினாள், மெல்லத் தொடங்கினாள். கொண்டுவந்ததை மேசைமேல் வைத்துவிட்டு நாங்கள் அவரவர் வேலைக்குப் போனோம்.

அன்று மாலை ஆய்வுக்கூடத்தின் படிக்கட்டில் களைப்பாக இருக்கிறது என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள்.

அக்காவுக்குத் தாடை மூட்டுதான் வேலை. காதுக்கு முன்னால் இரண்டு எலும்புக்கும் நடுவே ஒரு சின்ன வட்டு இருக்கிறது. அது தேய்ந்துபோனவர்களுக்குப் புதிதாக ஒன்றை உயிரணுக்களிலிருந்து வளர்த்துத் தர வேண்டும். வளர்ந்தவை எல்லாம் கூழாகவே வந்தன. "சும்மா அமுக்கிக்கிட்டே இருந்தா குருத்தெலும்பு ஆகாது பாப்பா. அதுக்குச் சாப்பிடக் கத்துக்கொடுக்கணும்" என்பாள். அதற்காகத்தான் தன் சாப்பாட்டையே பதிவு செய்தாள். இரும்பு மூட்டுகளை அதேபோல மெல்லவைத்து, நடுவே வட்டை வளர்ப்பது திட்டம்.

பாப்பா என்பது நான்தான். தலை நரைத்த பிறகும் அதே பெயர். மருந்துக்கடையில் அவள் "பாப்பாவுக்கு இருமல் மருந்து" என்று கேட்க, கடைக்காரர் சொட்டு மருந்தை எடுத்து நீட்டியதுண்டு. கணவரை அவள் மாமா என்று கூப்பிடுவாள். எனக்கும் அவர் மாமாதான். மூவரும் ஒரே வீட்டில் இருந்தோம்.

அவள் போன பிறகு மாமாவும் நானும் ஒரே மேசையில் சாப்பிடுவதைத் தவிர்த்தோம். மெல்லும் சத்தத்தைத் தாங்க முடியவில்லை. அக்காவுக்கு வாயை அகலத் திறந்தால் இடப் பக்கம் 'டொக்' என்று சொடுக்கும். அது இல்லாத மேசை பொல்லாத அமைதியாக இருந்தது.

ஆய்வுக்கூடத்தில் அவளுடன் வேலை செய்த இன்ஜினியர் ஒருநாள் எங்களைக் கூப்பிட்டார். உயரமான, வளைந்து வளைந்து நடக்கிற மனிதர். அக்கா அவருக்கு வைத்த பெயர் நூடுல்ஸ்.

ஆய்வுக்கூடத்து நடைபாதையில் போகும்போதே கேட்டது.

டொக்.

மாமா அப்படியே நின்றுவிட்டார். "பாப்பா, உனக்குக் கேட்டுச்சா?"

வெதுவெதுப்பான கண்ணாடிப் பெட்டி ஒன்றுக்குள் இரும்பில் செய்த தாடை மூட்டுகள், இடமும் வலமுமாக. மேலே குழி, கீழே உருண்டை, நடுவே ஊறவைத்த பாதாம் பருப்பு போல வெள்ளை வட்டு. எல்லாம் இளஞ்சிவப்பு நீரில் முங்கி மென்றுகொண்டிருந்தன. முதலில் இடப் பக்கம், பிறகு ஏதோ நினைவு வந்ததுபோல வலப் பக்கம், உடனே திரும்ப இடப் பக்கம். அக்காவின் அந்தக் கெட்ட பழக்கத்தை நான் ஆயுள் முழுக்கப் பார்த்திருக்கிறேன்.

"இந்தச் சத்தம் எப்படிங்க?" என்றார் மாமா.

"தெரியல சார். வெறும் இரும்பா ஓடினப்ப இல்ல. வட்டு வளர்ந்த பிறகுதான் வந்துச்சு." நூடுல்ஸ் குரலைத் தாழ்த்தினார். "நான் கூப்பிட்டது வேற விஷயத்துக்கு. பதிவை ஏத்துறதுக்கு முன்னாடி பேச்சை வெட்டிட்டு, மெல்லுறதை மட்டும் வைக்கணும். வெட்ட மறந்துட்டேன். ஆனா இதுவரை வந்ததுலயே நல்ல வட்டு இதுதான். தொடரணும்னா உங்க சம்மதம் வேணும்."

இரும்பு மெல்வதை நிறுத்தியது. திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. பிறகு அசையாமல் நின்றது. காத்திருந்தது. பின் மென்றது.

"மாமான்னு சொல்றா. என்னைத்தான் கூப்பிட்டிருக்கா" என்றார் மாமா.

"பாப்பான்னும் இருக்கலாமே."

"உன்னைக் கூப்பிட அவளுக்கு என்ன அவசரம்?"

"உங்களைக் கூப்பிட மட்டும் என்னவாம்?"

நூடுல்ஸ் சங்கடத்தோடு நெளிந்தார். "உதடு பதிவாகலைங்க. தாடை மட்டும்தான். அதுக்கு ப-வும் ம-வும் ஒண்ணுதான்."

"பாப்பான்னா நடுவுல கொஞ்சம் அழுந்தும். மாமா அப்படி அழுந்தாது" என்றேன். எதையோ பிடித்துக்கொண்டுவிட்ட மாதிரி இருந்தது.

"வாயில ரொட்டி இருந்துச்சே. அதோட பேசினா எல்லாமே அழுந்தித்தான் வரும்."

அடுத்த சுற்று வந்தது. திறந்து, மூடி, திறந்து, நின்றது.

"என்னம்மா?" என்றார் மாமா.

"என்னக்கா?" என்றேன் நான்.

இரண்டும் ஒரே மூச்சில் வந்தன. நாங்கள் சொல்லி முடிக்கவும் இரும்பு மெல்லத் தொடங்கவும் சரியாக இருந்தது. பதில் கேட்டுவிட்டது போல.

அதற்கடுத்த சுற்றில் நாங்கள் வாயை இறுக்கிக்கொண்டோம். இடைவெளி கொஞ்சம் நீண்டதோ என்று எனக்குப் பட்டது. நூடுல்ஸ் திரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

மாமா பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். "நிறுத்தச் சொல்லணும்னுதான் நினைச்சேன். மனசு வரல. மெல்லட்டும். அந்த வார்த்தையை மட்டும் எடுத்துடுங்க."

"மாமா, அது ஒண்ணுதானே மிச்சம்?"

"தெரியும். இப்படியே கூப்பிட்டுக்கிட்டே இருந்தா நம்மள்ல யாரு அவகிட்ட போறது, சொல்லு?"

போகத் தயாராக இருந்தவள் நான் என்பதுதான் பயமாக இருந்தது. சரி என்றேன்.

அன்றிரவு வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். முடியும்வரை யாரும் எழுந்துபோகவில்லை.

நூடுல்ஸ் வார்த்தையை வெட்டி எடுத்தார். பழைய வட்டுகள் சோதனைக்குப் போயின. வேறு யாரோ கொடுத்த உயிரணுக்களில் புதியவை வளர்ந்தன. சத்தம் எதிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க, இடப் பக்க இரும்பைக் கழற்றி வலப் பக்கத்திலும், வலப் பக்கத்ததை இடப் பக்கத்திலும் மாட்டிப் பார்த்தார். எப்போதாவது நானும் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். இப்போது அது எங்கும் நிற்பதில்லை, யாரையும் கூப்பிடுவதில்லை, மென்றுகொண்டே இருக்கிறது.

சொடுக்கு இடப் பக்கம்தான்.