இடது கை ஊசி

ஸ்கேன் அறைக்காரிக்கு ஆஸ்பத்திரியில் வைத்திருந்த பெயர் 'சந்தேகம்'. காதுபடவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளும் கூச்சமில்லாமல் திரும்பிப் பார்ப்பாள்.

அன்று காலை அவள் முன் கிடந்தது பிறந்து ஐந்தே நாளான பெண் குழந்தை. இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய குழாய்களும் இடம் மாறியிருந்தன. பத்து மணிக்கு ஆபரேஷன். அது எல்லோருக்கும் தெரிந்த கதை. தெரியாதது ஒன்று திரையில் இருந்தது: இதயத்தின் பின்பக்கம் ஒரு சிரை வீங்கிக் கிடந்தது. கழுத்திலிருந்து வலப்பக்கம் இறங்கும் பெரிய சிரைக்கு இடப்பக்கமும் ஒரு ஜோடி இருந்தால் அப்படி வீங்கும்.

பழைய ரிப்போர்ட்டில் அதைப்பற்றிப் பேச்சே இல்லை. எப்படி இருக்கும்? அந்த வார்டில் ஊசி மருந்து எல்லாமே வலது கையில்தான். மருந்து பாட்டில் தொங்கும் கம்பம் அந்தப் பக்கம் நிற்கிறதாம், அவ்வளவுதான் காரணம். இடது கை வழியாக எதையும் அனுப்பிப் பார்த்தவர் கிடையாது.

சர்ஜன் வேகமாக வந்தார்.

"ஸ்கேன் ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போடும்மா, நேரமாகுது."

"இடது கையில ஊசி போட்டு ஒரு தடவை பாத்துடலாம் சார்."

"உனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல?"

"அந்தச் சிரை இருக்கறது தெரியாம நெஞ்சத் திறந்தா, ரத்தம் எங்கேருந்து கொட்டுதுன்னு தேடறதுக்குள்ள குழந்தை போயிடும் சார்."

"நீ டாக்டரா?"

"இல்ல. ஆனா கையெழுத்து என்னோடது."

பேனாவை மூடிப் பைக்குள் போட்டாள். வேலை போய்விடுமோ என்று பயமாக இருந்தது. போகட்டும் என்றும் இருந்தது.

வாசலில் நின்ற குழந்தையின் அப்பா பொறுக்கமாட்டாமல் கத்தினார். "எம் பொண்ணு உயிரோட விளையாடுறீங்களா?"

"பத்து நிமிஷம்ணே. அதுவரைக்கும் என்னைத் திட்டிக்கிட்டே இருங்க, வந்துடுறேன்."

நர்ஸ் அந்தச் சின்ன இடது கையில் ஊசி ஏற்றினாள். நன்றாகக் குலுக்கி நுண்ணிய குமிழி கட்டிய உப்புத் தண்ணீர் துளித்துளியாக உள்ளே போனது. திரையில் மின்னிய குமிழிகள் வலப்பக்கச் சிரை வழியாக வரவேயில்லை. நேராகப் பின்னால் வீங்கிய சிரைக்குள் வந்து விழுந்தன.

சர்ஜன் திரையருகே குனிந்து பார்த்தார். பிறகு தியேட்டருக்குப் போன் போட்டார். "ரத்தத்தை ஹார்ட்-லங் மெஷினுக்கு இழுக்க ரெண்டு குழாய் சொன்னேன்ல? மூணா எடுத்து வைங்க."

மதியம் மூன்று மணிக்குக் குழந்தை உயிரோடு வெளியே வந்தது. சர்ஜன் நன்றி கின்றி எதுவும் சொல்லவில்லை. ஸ்கேன் அறைக் கதவில் தலையை மட்டும் நீட்டி, "இருந்துச்சு" என்றுவிட்டுப் போனார். அவள் அப்போதுதான் உட்கார்ந்து அழுதாள்.

கண்ணைத் துடைப்பதற்குள் வார்டிலிருந்து நர்ஸின் குரல் வந்தது. "சந்தேகம்! புதுசா ஒரு குழந்தை வந்திருக்கு. எந்தக் கை?"

"ரெண்டு கையும்."