சுற்றுக்கு நடுவே ஒரு நிமிடம்

எனக்கு உயிரான பத்துக் குத்துச்சண்டைகளைப் பழைய நாடாக்களிலிருந்து பென்டிரைவுக்கு மாற்றித் தரும்படி, கல்யாண வீடியோ எடிட் செய்யும் மச்சானிடம் கொடுத்திருந்தேன். அவன் சுற்றுகளுக்கு நடுவில் வரும் ஒரு நிமிட ஓய்வையெல்லாம் வெட்டிவிட்டு, நாடாக்களையும் குப்பையில் போட்டுவிட்டான்.

"சும்மாதானே உக்காந்திருந்தாங்க, மாமா."

"சும்மாவா? ஒரு சண்டையில ஒன்பதாவது சுத்துல ஒருத்தனுக்குக் கண்ணு வீங்கி மூடிப்போச்சுடா. பயிற்சியாளர் குளிர்ந்த இரும்பை வச்சு அழுத்தி, வீக்கத்தை ஒதுக்கிக் கண்ணைத் திறந்தாரு. அதனாலதான் பத்தாவதுல குத்து வர்றதைப் பார்த்துக் குனிஞ்சான். இப்ப பார்த்தா ஏதோ குருட்டு அதிர்ஷ்டம் மாதிரி இருக்கு."

"வேணும்னா நடுவுல பாட்டு போட்டுத் தரவா?"

"செருப்பை மாட்டு. குப்பைக் கிடங்குக்குப் போறோம்."

"அது மலை மாதிரி கிடக்கும், மாமா."

"ஏறித் தேடு."