தோட்டாவுக்கு வைத்த பொட்டு

என் அப்பாவுக்கு என்னைவிட அந்தத் துவக்கில்தான் பாசம் அதிகம். சொன்னால் முறைப்பார். முறைக்கட்டும்.

பருத்தித்துறை நகைக்கடை ஒன்றில் இருவரும் வேலை செய்கிறோம். நான் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால். அவர் வாசலில், கடையின் பழைய இரட்டைக் குழல் துவக்கோடு. கடை பூட்டும்போது நிசத் தோட்டா இரண்டையும் கழற்றிவிட்டு, மணல் அடைத்துத் தானே செய்த போலித் தோட்டா இரண்டைப் போடுவார். மூலையிலிருக்கும் மணல் மூட்டையைப் பார்த்து விசைகளை இழுப்பார். உள்ளே சுருள்வில் தளர்ந்த பிறகுதான் துவக்கு அலுமாரிக்குப் போகும்.

“சும்மா வெறுமையா இழுத்தால் என்ன, யாக்கோப்பு? இப்பத்தைத் துவக்குகளுக்கு ஒண்டும் செய்யாதாமே,” என்று முதலாளி சிவசுப்பிரமணியம் ஒருமுறை கேட்டார்.

“புதுசுக்குப் பெரும்பாலும் செய்யாது முதலாளி. உது கிழடு. வெறுமையா அடிச்சால் தோட்டாவைக் குத்துற ஊசி முறியும். காற்றுத் துவக்கையும் உப்பிடி இழுக்கக்கூடாது, உள்ளுக்கை அடிபட்டுப் பழுதாப்போகும்.”

ஊசி, ஊசி என்று எங்கள் உயிரை வாங்குவார். போலித் தோட்டாவின் அடியில், ஊசி குத்தும் இடத்தில் ரப்பர் துண்டு. அடையாளத்துக்கு அதன்மேல் சிவப்புப் பொட்டு. நான் நகத்துக்குப் பூசும் கியூட்டெக்ஸ்தான். பாதிப் போத்தல் அதற்கே போய்விட்டது.

ஆயுத பூசையன்று பின்னேரம் முதலாளி துவக்கையும் கேட்டு வாங்கினார். அப்பா நிசத் தோட்டாக்களைக் கழற்றி, போலிகளையும் சேர்த்துக் கொடுத்தார். நாங்கள் மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரர் என்பதால் பூசை முடியும்வரை வாசலில் நின்றோம். உள்ளே போனபோது தராசு, கல்குலேட்டர், துவக்கு எல்லாவற்றிலும் சந்தனமும் குங்குமமும். தோட்டாக்கள் நான்கும் தாம்பாளத்தில் பூக்களுக்குள் கிடந்தன.

அப்பா சிவப்புப் பொட்டுத் தெரிந்த இரண்டை எடுத்துக் குழல்களுக்குள் தள்ளினார். பழக்கதோசத்தில் அதே மூலைக்குத் துவக்கை நீட்டினார். மூட்டை அங்கே இல்லை. வாழை நட மணல் வேண்டுமென்று வாசலுக்கு இழுத்திருந்தார்கள். அந்த இடத்தில் மெல்லிய பலகை மறைப்பு மட்டும். அதற்குப் பின்னால் என்னோடு வேலை செய்யும் பிரதீபா வீட்டுக்குப் போகத் தலை சீவியபடி பாடிக்கொண்டிருந்தாள்.

டக். முதல் விசை.

மற்ற விசைக்கு விரல் போனது. அப்போதுதான் அவருடைய கட்டைவிரலைக் கண்டேன். சிவப்பாக இருந்தது.

காய்ந்த கியூட்டெக்ஸ் கையில் ஒட்டாது.

“அப்பா, விரலை எடுங்கோ.”

“ஏன் பிள்ளை?”

“எடுங்கோ எண்டுறன்.” என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. பலகைக்குப் பின்னால் பாட்டு நிற்கவில்லை.

அப்பா விரலை எடுத்து, குழலை நிலத்துக்குத் தாழ்த்தித் துவக்கை மடித்தார். முதல் தோட்டா போலி. இரண்டாவதின் பொட்டைத் துடைத்தார். குங்குமம் அழிந்து, கீழே ரப்பர் இல்லை, பித்தளை மினுங்கியது. அப்பாவின் உதடு வெளுத்துவிட்டது.

தோட்டாக்களை மேசையில் வைத்தார். குழல்கள் இரண்டுக்குள்ளும் பார்த்தார், திரும்பவும் பார்த்தார். துவக்கை மூடி, நிலத்தை நோக்கி, வெறுமையாகவே விசைகளை இழுத்தார்.

“ஊசி முறியும் எண்டு நீர்தானே சொன்னனீர்?” முதலாளிக்கு இன்னும் ஒன்றும் விளங்கவில்லை.

“முறியட்டும் முதலாளி.”

மறைப்பை விலக்கிக்கொண்டு பிரதீபா வந்தாள். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. மேசையில் கிடந்த தோட்டாக்களைக் கண்டதும் அவளுக்கு முகம் மலர்ந்தது.

“அங்கிள், ரெண்டிலைதான் பொட்டு இருந்தது. மற்ற ரெண்டுக்கும் நான்தான் வச்சுவிட்டனான். வடிவா இருக்கல்லோ?”

எனக்கு வாய் நீளம் என்று கடை முழுக்கத் தெரியும். அவளை ஏசத்தான் வாயைத் திறந்தேன். அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன்.